எண்ணினால் பரக்கத் போய்விடுமா?



நமது பழைய முதலாளிமார்களிடத்தில் ஒரு வழக்கம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். கல்லாவில் விழுந்த காசைக் கடை சாத்தும் வரையில் எண்ணமாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஆசையோடு எண்ணத் தொடங்கினால், "எண்ணாதேடா, பரக்கத் போய்விடும்" என்று கையைத் தட்டிவிடுவார்கள். எனது அத்தா அவர்களும் அப்படியே. மூட்டையில் அரிசி எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கேட்டால், "போதுமான அளவு அல்லாஹ் வைத்திருக்கிறான்" என்பார்களேயன்றி, இத்தனை கிலோ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதே அத்தா, வாடிக்கைக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கும்போது மட்டும் தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். முள் நடுவில் வந்து நின்ற பிறகும் ஒரு சிட்டிகை கூடப் போடுவார்கள்.

எண்ணக் கூடாது என்றவர்கள் எதற்காக முள்ளை அப்படிப் பார்த்தார்கள்? இந்தக் கேள்வி சிறு வயதில் எனக்குத் தோன்றவில்லை. நாற்பதை நெருங்கிய பிறகுதான் தோன்றியது. அதற்குக் காரணம் என் தங்கை மகன்.

அவர் துவாஸ் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்பவர். 2018-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிராங்கூன் ரோட்டில் கால்வைக்க இடமில்லாத நேரத்தில், எங்கள் கடைக்கு வந்து ஓர் ஓரமாக ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "மாமா, இந்தக் கடையில் எதையுமே நீங்கள் அளப்பதில்லையே" என்றார். "நிறுத்துத்தானேப்பா விற்கிறோம்" என்றேன். "சரக்கை நிறுக்கிறீர்கள், வேலையை நிறுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, 'லீன்' என்ற ஒரு முறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த ஆங்கில வார்த்தைக்கு மெலிந்தது என்று பொருளாம். நம்மவர் காதில் மெலிந்தது என்று விழுந்தால், யார் பட்டினி கிடந்தார் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அந்தப் பெயரை ஜான் கிராஃப்சிக் என்னும் அமெரிக்கர் 1988-இல் வைத்தார். முறையோ ஜப்பான் தேசத்து டொயோட்டா மோட்டார் கம்பெனியினுடையது. அதை வகுத்தவர்களில் முதன்மையானவர் தாய்ச்சி ஓனோ என்பவர். அவருடைய கதையில் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலைக்கு அவர் பாடம் படித்தது மளிகைக் கடையிலிருந்து! அமெரிக்காவின் சூப்பர்மார்க்கெட்டுகளில், வாங்குகிறவர் தமக்கு வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறார். எடுத்த இடம் காலியாவதைக் கண்டு கடைக்காரர் அந்த அளவே கொண்டுவந்து நிரப்புகிறார். 1956-இல் அமெரிக்கா சென்றபோது ஓனோ இதை நேரிலும் கண்டார். முந்திய பட்டறை தன் இஷ்டத்துக்குச் செய்து குவிப்பதை நிறுத்தி, அடுத்த பட்டறை எடுத்துக்கொண்ட அளவுக்கு மட்டும் செய்யட்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். அதற்கு அடையாளமாக ஒரு சீட்டுச் சுற்றிவரும். அதன் பெயர் கான்பான். நாம் தினமும் செய்கிற, ஆனால் யோசித்துப் பார்க்காத ஒரு காரியத்தை அவர் யோசித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து இவ்வூர் வந்து சேர்ந்த நம்மவர்களின் முன்னோரில் பலர் தறி நெய்தவர்கள். இழை அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போனால் முழத்துணியும் பாழ் என்பது அவர்களுக்குத் தெரியும். டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சாக்கிச்சி டொயோடாவும் தறிக்காரரே. இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை அவர் 1924-இல் முழுமைப்படுத்தினார். பிற்காலத்தில் மோட்டார் தொழிற்சாலையில், தவறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையையே நிறுத்தலாம் என்று வந்ததற்கு வித்து அந்தத் தறிதான். கடைசி ஆளுக்கும் நிறுத்துகிற அதிகாரம் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்ததினால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

மருமகன் சொன்னதை அத்தாவிடம் சொன்னபோது, "இதெல்லாம் தேனீ காலத்திலேயே கேட்டதுதான்" என்று சிரித்தார்கள். 1982-இல் இவ்வூர் அரசாங்கத்தார் உற்பத்தித் திறன் இயக்கம் நடத்தியபோது, டீமி என்னும் தேனீயைச் சின்னமாக வைத்து ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். தேனீயின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பதால் நம் பெரியவர்களுக்கு அந்தச் சின்னம் பிடித்துத்தான் இருந்ததாம். ஆனால் ஓர் ஆளுக்கு எவ்வளவு மதிப்புக் கூடுகிறது என்று கூட்டிக் கழிக்கும் அந்தக் கணக்கு, கடைத்தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை. எங்கள் கடையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கல்லா ஓரத்தில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கணக்குப்படி அவர் கடைக்குப் பாரம். அவரோடு பேசவே ஜனங்கள் வருகிறார்கள் என்று நான் வாதாடலாம். ஆனால் உண்மை என்னவெனில், அவர் சில்லறையில் தவறும் செய்வார். கணக்குச் சொல்வதும் பொய்யல்ல; அவரை வைத்திருந்ததும் தவறல்ல. பிற்காலத்தில் இதே உற்பத்தித் திறனுக்கென்று 2010-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரிச் சலுகை வந்து, 2018-ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டோடு முடிந்தது. அப்போது வாங்கிய இயந்திரங்கள் சில கடைகளில் துணி போர்த்தி நிற்பதைக் கண்டிருக்கிறேன். செலவை அளந்தார்கள், சலுகை கிடைத்தது. இயந்திரம் ஓடிற்றா என்பதைக் கடைக்காரரே அளக்கவில்லை.

நிற்க. மருமகன் போன மறுவாரமே நான் வேலையை நிறுக்கத் தொடங்கிவிட்டேன். எப்படி? மூன்று சிப்பந்திகளின் பெயரையும் ஒரு பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு எத்தனை பில் போட்டார் என்று குறிக்கச் செய்தேன். அதிகம் போட்டவருக்கு மாதக் கடைசியில் சிறு அன்பளிப்பு என்றும் சொன்னேன். பத்து நாளில் பலகை நிறைய எண்கள். மனத்துக்கு மிக்க சந்தோஷம். பிறகு மெள்ள மெள்ளத் தெரியவந்தது. வெந்தயம் ஐம்பது கிராம், பெருங்காயம் ஒரு டப்பி என்று நின்று நிதானித்துக் கேட்கும் மூதாட்டியைக் கண்டால் மூவரும் உள்ளே போய்விடுகிறார்கள். இன்னொருவர், ஒரே வாடிக்கைக்காரரின் சாமான்களை இரண்டு பில்லாகப் போடக் கற்றுக்கொண்டார். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது, ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மூலம் ஆளப் பார்த்தால் அது பொய்த்துப்போகும் என்ற கருத்தைச் சொன்னாராம். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது என்று மருமகன் சொன்னார். அந்த அறிஞர் எங்கள் பலகையைப் பார்த்திருந்தால் இன்னும் சீக்கிரமாகச் சொல்லியிருப்பார்.

பலகையைக் கழற்றிவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அத்தா சொன்னதுதான் சரியா, எண்ணினால் பரக்கத் போய்விடுமா என்று எனக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டேன். அவர்கள் இரண்டு ஹதீஸ்களைச் சொன்னார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. ஒன்று மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிப்பது. உணவுப் பொருளை அளந்துகொள்ளுமாறும், அதில் பரக்கத் உண்டாகுமென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அது கூறுகிறது. மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் வீட்டைப் பற்றிச் சொன்னது. நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது வீட்டு மாடத்தில் கொஞ்சம் வாற்கோதுமை இருந்தது. அதிலிருந்து நெடுநாள் எடுத்துச் சாப்பிட்டு வந்தார்கள். பிறகு அதை அளந்து பார்த்தார்கள், தீர்ந்துபோயிற்று.

ஒன்று அளக்கச் சொல்கிறது, மற்றொன்றில் அளந்ததும் தீர்ந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் உலமாக்கள் கூறியுள்ள பொருத்தத்தை ஹஜ்ரத் விளக்கினார்கள். கொடுக்கல் வாங்கலில் இன்னொருவருடைய ஹக்கு கலந்திருக்கிறது, ஆகவே அங்கே அளந்தாகவேண்டும். குறைந்துவிடுமோ என்ற பயத்தினாலும் கைச்சுருக்கத்தினாலும், கையிலுள்ளதை அடிக்கடி அளந்து பார்ப்பது வேறு விஷயம். அப்போதுதான் அத்தா முள்ளைப் பார்த்ததும், மூட்டையைப் பாராமல் இருந்ததும் எனக்கு விளங்கிற்று.

அதோடு நான் இன்னொன்றையும் யோசித்தேன். நிறுவையில் மோசம் செய்வோரின் பெயரால் வழங்கும் 83-ஆம் அத்தியாயம், தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவரைக் கண்டிக்கிறது. நாம் அதைத் தராசோடு நிறுத்திவிடுகிறோம். சிப்பந்தியின் நேரத்தை நிமிஷக் கணக்காக நிறுத்து வாங்கிக்கொண்டு, அவருக்குச் செய்யவேண்டியதை உத்தேசமாகச் செய்யும் முதலாளி எந்தப் பக்கம் நிற்கிறார்? பலகையில் மூன்று பேர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

ஆகவே இரண்டாம் முறை வேறுவிதமாகத் தொடங்கினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வாடிக்கைக்காரர் கேட்டு, நம்மவர் "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதில் எழுதவேண்டும். யார் சொன்னார் என்று எழுதவேண்டாம்; என்ன கேட்கப்பட்டது என்று மட்டும் எழுதினால் போதும். நோட்டின் முதல் பக்கத்தில் என் கையாலேயே, "இதில் எழுதுவதால் எவருடைய வேலையும் போகாது" என்று எழுதி வைத்தேன். தறியை நிறுத்தும் கயிறு அந்த நோட்டுக் கயிறுதான் என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

சில நாளிலேயே முதல் பக்கங்கள் நிறைந்துவிட்டன. ஒரு காரியம் பிசகினால் ஐந்து முறை ஏன் என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும் என்பது ஜப்பானியர் முறை. சீரகம் இல்லை, ஏன்? தீர்ந்துவிட்டது. ஏன் தீரும்வரை விட்டோம்? சொல்லியனுப்பவில்லை. ஏன் சொல்லியனுப்பவில்லை? சரக்குச் சொல்லுகிறவன் நான். திங்கட்கிழமைதான் பார்ப்பேன், அதுவும் மனக்கணக்கு. ஐந்தாவது ஏனுக்குப் போவானேன்? மூன்றாவதிலேயே நான் அகப்பட்டுக்கொண்டேன். நோட்டில் இருந்த "இல்லை"களில் பெரும்பாலானவை என் மறதியினுடையவை. சிப்பந்திகளுக்கு இது முன்பே தெரியும் போலும். எழுதுவதில் அவர்கள் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றிற்று.

பிறகு மாடிப்படி. நமது கடைவீடுகளின் மரப்படிகளை நீங்கள் அறிவீர்கள். ஓர் ஆள் ஏறினால் ஓர் ஆள் இறங்க முடியாது. ஒருநாள் முழுதும் பையனை உட்காரவைத்துவிட்டு அவன் வேலையை நானே செய்தேன். துவரம்பருப்புக்கு ஏறினேன், நெய்க்கு ஏறினேன், மறுபடியும் பருப்புக்கு ஏறினேன். அஸருக்குள் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. தினமும் போகிற சரக்கு மாடியில்! கீழே கைக்கெட்டும் இடத்தில் இருந்ததோ, போன தீபாவளியில் மீந்துபோன அகல்விளக்குப் பெட்டிகள். அவன் சோம்பேறி என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்! அன்று இரவே நால்வரும் சேர்ந்து இடத்தை மாற்றினோம். காசு ஒன்றும் செலவில்லை.

இந்தக் காரியங்களிலெல்லாம் முன்னின்றவர் ஜொகூர் பாருவிலிருந்து தினந்தோறும் பாலம் கடந்து வந்துபோகும் ஒரு தம்பி. நோட்டில் அதிகம் எழுதியவர் அவரே. பகல் மூன்று மணிக்குக் கடை வெறிச்சென்றிருக்கும் நேரத்தில் பருப்பையும் மசாலாவையும் அரைக்கிலோப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டால் மாலைக் கூட்டத்தில் தராசுக்கு முன் வரிசை நிற்காது என்பதும் அவர் யோசனை. ஆறு மாதத்துக்குள், முன்பு நான்கு பேர் திணறிய ஞாயிற்றுக்கிழமையை மூன்று பேர் சிரித்துக்கொண்டே சமாளிக்கும்படி ஆயிற்று.

இங்கேதான், மெலிந்தது யார் என்ற என் முதல் கேள்வி திரும்ப வந்தது. மிச்சமான அந்த ஓர் ஆளின் நேரம் யாருடையது? கடை என்னுடையது. யோசனை அவருடையது. படியேறி இறங்கிய கால்கள் பையனுடையவை.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். அங்கே வைத்தியர் ஒரு மேஜையில் ஒருவருக்குச் சிகிச்சை செய்து முடிப்பதற்குள், பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார்செய்து வைத்துவிடுவார்கள். வைத்தியர் திரும்பினால் போதும், காத்திருக்க வேண்டியதில்லை. ஓனோ கண்டால் மகிழக்கூடிய ஏற்பாடு! அங்கு மிச்சமான நேரம் போன இடம், பணம் கொடுக்க முடியாத அடுத்த நோயாளியின் கண். காசு கொடுப்பவர் சிலர், கொடாதவர் பலர். அப்படியும் ஸ்தாபனம் வளர்ந்தது.

டொயோட்டாவின் கதையிலேயே ஒரு கசப்பான பக்கம் உண்டு. 1950-இல் கம்பெனி கடனில் மூழ்கி ஆட்குறைப்புக்கு வந்தது. பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆட்கள் வெளியேறினார்கள், தலைவராயிருந்த கீச்சிரோ டொயோடாவும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதன் பிறகே, வேலைக்குப் பாதுகாப்பு உண்டு என்ற நம்பிக்கையின்மேல், தொழிலாளர் தங்கள் யோசனைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். முறையைப் புகழ்ந்து பேசுபவர்கள் சீட்டையும் கயிற்றையும் சொல்வார்கள்; இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய வாக்கு 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சோதனைக்கு வந்தது. கொரோனாவின் காரணமாக 18-ஆம் தேதியிலிருந்து மலேசியா எல்லையை அடைப்பதாக 16-ஆம் தேதி இரவு அறிவித்தார்கள். நாள்தோறும் வந்துபோகிறவர்கள் இங்கே தங்கிவிடுவதா, ஊரோடு இருந்துவிடுவதா என்று ஓரிரு நாளில் முடிவு செய்யவேண்டும். தங்கவைக்கும் முதலாளிகளுக்கு அரசாங்கம் ஓர் உதவித்தொகையும் அறிவித்தது. அந்தத் தம்பி போன் செய்து, "முதலாளி, நான் வரவா, இருக்கவா?" என்று கேட்டார். "பிள்ளைகளோடு இருங்கள் தம்பி, பிறகு பார்க்கலாம்" என்றேன்.

அன்பினால் சொன்னதுபோலத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது என் மனத்தில் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும். மூன்று பேர் போதும் என்பதை அவரே எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். ஏப்ரல் 7-ஆம் தேதி ஊரடைப்பு வந்தது. மளிகைக் கடையாதலால் எங்கள் கடை திறந்திருந்தது. வியாபாரம் சுருங்கியது உண்மை. ஆனால் ஒருவருக்கு அரைச் சம்பளம் அனுப்ப முடியாத அளவுக்குச் சுருங்கவில்லை. முதல் மாதம் கொஞ்சம் அனுப்பினேன். பிறகு நிறுத்திவிட்டேன். வேலை அனுமதி முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. நோட்டில் எழுதியதினால் அவர் வேலை போகவில்லை, வியாதியினால் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மற்ற இருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டு மட்டும் வெறுமையாயிற்று. சீரகம் தீர்ந்தாலும் எழுதுவாரில்லை. கேட்டால், "மறந்துவிட்டது முதலாளி" என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மருமகனிடம் சொன்னேன். "அளவு சரியாகத்தான் இருந்தது மாமா" என்றார். அதற்குமேல் அவரிடமும் பதிலில்லை.

பிறகு நான் செய்ததைச் சாமர்த்தியமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருவரையும் உட்காரவைத்து, நடந்தது என் தவறு என்றேன். மிச்சமாகும் நேரத்துக்கு ஒரு வழி பேசி முடித்தோம். இரவு அரைமணி முன்னதாகக் கடை சாத்துவது. வாரத்தில் ஒருவருக்கு முறைவைத்து அரைநாள் ஓய்வு. இதனால் லாபம் கூடிற்றா என்று கேட்பீர்கள். கூடவில்லை, அதிகம் குறையவும் இல்லை. "இல்லை" நோட்டில் இப்போது வாரத்துக்கு நாலைந்து வரிகள் விழுகின்றன. சில நான் எழுதியவை.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பாலம் முழுதும் திறந்தது. அந்தத் தம்பி ஜொகூரிலேயே வேறொரு கடையில் சேர்ந்துவிட்டார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்று கணக்கிட எந்த முறையிலும் ஒரு பத்தி இல்லை. இரண்டு மாதச் சம்பளம் என்று நானாக ஒரு தொகை வைத்தேன்; குறைவாகவும் இருக்கலாம். தீபாவளிக்குமுன் சாமான் வாங்கக் குடும்பத்தோடு வந்தவரை உள்ளே அழைத்து, விஷயத்தைச் சொல்லி உறையைக் கொடுத்தேன். வேண்டாமென்பார் என்று எதிர்பார்த்தேன் போலும். அவர் வாங்கிக்கொண்டார். என் முன்னாலேயே பிரித்து, ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கல்லா ஓரத்து நோட்டை எடுத்துப் புரட்டி, "பெருங்காயம் இன்னும் தீர்ந்துகொண்டுதான் இருக்கிறதா, முதலாளி?" என்று கேட்டார்.